சூஸ், செலக்ட், பிக், எலெக்ட், ஆப்ட்: எங்கே எது?

தேர்தல், தேர்வு, தேர்ச்சி. மூன்றும் 'தேர்' என்ற ஒரே வேரில் கிளைத்தவை. வாக்களித்துச் சட்டமன்ற உறுப்பினரை அனுப்பினாலும், தி.நகர் ஜவுளிக்கடையில் அரைமணி நேரம் பிரித்துப் பார்த்த புடவைகளில் ஒன்றை எடுத்து வைத்தாலும், வினாத்தாளில் நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்தாலும் தமிழில் 'தேர்ந்தெடுத்தேன்' என்று சொல்லிவிடலாம். யார், எதற்காக, எந்த முறையில் என்பதையெல்லாம் பக்கத்தில் நிற்கும் சொற்கள் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலமோ அந்தப் பொறுப்பில் பாதியை வினைச்சொல்லின் தலையிலேயே வைத்திருக்கிறது.

அகராதியைப் புரட்டினால் சூஸ், செலக்ட், பிக், எலெக்ட், ஆப்ட் எல்லாவற்றுக்கும் எதிரே 'தேர்ந்தெடு' என்றே இருக்கும். அதை நம்பி வாக்கியம் அமைக்கும் மாணவருக்கு இலக்கணம் சரியாக வந்தாலும், கேட்பவர் காதில் ஏதோ இடறும். இடறுவது ஏன் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தர முடியும். சூஸ் என்றால் முன்னால் நிற்பது எடுப்பவரின் விருப்பம். செலக்ட் என்றால் ஓர் அளவுகோல். பிக் என்றால் கை. எலெக்ட் என்றால் உரிமையும் வாக்கும். ஆப்ட் என்றால் ஏற்கெனவே போட்டுவைத்த வழிகள். இந்த ஐந்தும் மனதில் இருந்தால், எந்த வினைக்குப் பின் 'டு' வரும், எதற்கு 'ஃபார்' வேண்டும் என்ற இலக்கணமும் பெரும்பாலும் தானாக வந்துவிடும். இலக்கணம் இங்கே பொருளின் பின்னால்தான் நடக்கிறது.

விருப்பம் முன்னால் நிற்கும் சூஸ்

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் மாணவர் கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 'சாய்ஸ் ஃபில்லிங்' என்று பெயர். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று தன் ஆசையின் வரிசையில் அடுக்கிப் பூட்டுவதோடு அந்தக் கட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு தரவரிசை, இடஒதுக்கீடு, காலியிடம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு இடம் ஒதுக்கப்படுகிறது. அதற்குப் பெயர் 'அலாட்மென்ட்'. முதல் பாதியை 'செலக்‌ஷன் ஃபில்லிங்' என்று சொல்ல முடியாது. அங்கே அளவுகோல் எதுவும் கிடையாது. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவோ அக்கா படித்த கல்லூரி என்பதற்காகவோ ஒன்றை முதலில் வைக்கலாம். காரணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. சூஸ் என்ற வினையின் இயல்பு அதுதான்.

இந்தச் சொல் ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானிய வேரைச் சேர்ந்தது. லத்தீனில் 'சுவைத்துப் பார்' என்று பொருள்படும் சொல்லும் இதுவும் ஒரே தொல்வேரிலிருந்து வந்தவை என்று மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். சுவை பார்த்து, பிடித்ததை எடுப்பது. பரம்பரைச் சொல் என்பதால் வடிவ மாற்றமும் பழைய பாணியில் உள்ளேயே நடக்கிறது: சூஸ், சோஸ், சோஸன். 'சூஸ்ட்' என்று ஒரு வடிவம் கிடையாது. 'ஐ ஹேவ் சோஸ்' என்பதும் தவறு. 'ஹேவ்' வந்தால் 'சோஸன்' வர வேண்டும். எழுத்திலும் ஒரு குழி இருக்கிறது. நிகழ்காலத்துக்கு ஓ எழுத்து இரண்டு, இறந்தகாலத்துக்கு ஒன்று. 'இழ' என்று பொருள்படும் லூஸ் என்ற வினைக்கு ஒரே ஓதான். அதையும் 'ஊ' என்று நீட்டித்தான் உச்சரிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் சூஸையும் ஒற்றை ஓ போட்டு எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அது இறந்தகாலமாகிவிடுகிறது. அலுவலக மின்னஞ்சலில் 'நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்' என்பது 'நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள்' என்று மாறினால் பின்விளைவு சிறியதல்ல.

விருப்பம் பொருளின் மீதும் போகும், செயலின் மீதும் போகும். ஆகவே சூஸ் 'டு' என்பதோடு இயல்பாகச் சேரும்: 'ஷி சோஸ் டு ஸ்டே இன் சென்னை', அவள் சென்னையிலேயே தங்க முடிவெடுத்தாள். இந்த இடத்தில் 'செலக்டட் டு ஸ்டே' என்றோ 'பிக்ட் டு ஸ்டே' என்றோ போட முடியாது. அளவுகோலால் பொருள்களைத்தான் பிரிக்க முடியும், கையால் பொருள்களைத்தான் எடுக்க முடியும். செயலை அவற்றால் தொட முடியாது. 'ஹி வாஸ் செலக்டட் டு ப்ளே' என்று செய்யப்பாட்டு வினையில் வருகிறதே என்று கேட்கலாம். அங்கே தேர்ந்தெடுத்தவர் வேறொருவர். 'டு ப்ளே' என்பது எதற்காக எடுத்தார்கள் என்ற நோக்கத்தைச் சொல்கிறது. அவர் தாமாக விளையாட முடிவெடுத்தார் என்ற பொருள் அதில் இல்லை.

இரண்டில் ஒன்று என்று வரும்போது இன்னொரு சறுக்கல். 'சூஸ் பிட்வீன் சிவில் ஆர் மெக்கானிக்கல்' என்று எழுதுகிறோம். தமிழில் 'சிவிலா மெக்கானிக்கலா' என்று கேட்டுப் பழகிய வாய்க்கு 'ஆர்' தானாக வருகிறது. 'பிட்வீன்' என்றால் இரண்டுக்கும் நடுவே நிற்பது. இரண்டு கரையும் வேண்டும், ஆகவே 'அண்ட்'. பட்டியலிலிருந்து என்றால் 'ஃப்ரம்', பலவற்றுக்குள் என்றால் 'அமங்'.

'சாய்ஸ்' என்ற பெயர்ச்சொல்லைச் சென்னை மாணவர்கள் தங்களுக்கென்றே வளைத்து வைத்திருக்கிறார்கள். "அந்த யூனிட்டை சாய்ஸ்ல விட்டுட்டேன்" என்றால் தேர்வில் அந்தப் பாடத்தைத் தொடப்போவதில்லை என்று அர்த்தம். வினாத்தாளில் 'இரண்டில் ஒன்றுக்கு விடையளி' என்ற வசதி இருப்பதால் பிறந்த அருமையான சொல்லாட்சி. தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கில நேர்காணலில் 'ஐ லெஃப்ட் இட் இன் சாய்ஸ்' என்றால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது. 'ஐ ஸ்கிப்ட் இட்' போதும். அதேபோல 'டூ அ சாய்ஸ்' கிடையாது, 'மேக் அ சாய்ஸ்'தான்.

அளவுகோல் உள்ள செலக்ட்

லத்தீனில் 'செ' என்றால் தனியாக, 'லெகெரே' என்றால் சேர்ப்பது, பொறுக்குவது. இரண்டும் சேர்ந்து 'தனியே பிரித்தெடு' என்று பொருள் தந்தன. பதினாறாம் நூற்றாண்டில்தான் ஆங்கிலம் இதைக் கடன் வாங்கியது. படித்தவர்கள் வழியாக நுழைந்த சொல் என்பதால் இன்னும் சற்றுச் சட்டை மடிப்போடுதான் நிற்கிறது. இந்தச் சொல் வரும்போது, ஒரு கூட்டம் இருக்கிறது, அதைப் பார்க்க ஒரு தகுதிப்பட்டியல் இருக்கிறது, பொருந்தியவை தனியே வந்தன என்ற மூன்றும் கூடவே வருகின்றன. கிரிக்கெட்டில் அணியை முடிவுசெய்பவர்கள் 'செலக்டர்ஸ்'. அவர்களை 'சூஸர்ஸ்' என்று யாரும் அழைப்பதில்லை. தங்களுக்குப் பிடித்தவரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை என்பதைப் பட்டமே சொல்கிறது.

இந்தச் சொல்லுக்குள் 'பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார்' என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது என்பதை அறிவியல் வரலாறே காட்டும். 1859-இல் டார்வின் தன் பரிணாமக் கொள்கையை வெளியிட்டபோது, தகுந்த உயிர்கள் பிழைத்துப் பெருகுவதை 'நேச்சுரல் செலக்‌ஷன்' என்று அழைத்தார். படித்தவர்களில் பலர், செலக்‌ஷன் என்றால் செலக்ட் செய்பவர் யார், இயற்கை யோசித்தா பிரிக்கிறது என்று குழம்பினார்கள். அதே கொள்கையைத் தனியாகக் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1866 ஜூலையில் டார்வினுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சொல் ஆளைக் கற்பனை செய்ய வைக்கிறது என்று விளக்கி, ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் உருவாக்கிய 'சர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்' என்ற தொடரைப் பயன்படுத்தச் சொன்னார். 1869-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் டார்வின் அதையும் சேர்த்துக்கொண்டார். பழைய சொல்லையும் கைவிடவில்லை. கொள்கையை இருவருமே மாற்றவில்லை. ஒரு வினைச்சொல்லின் நிழல் படிப்பவரை எங்கே இழுத்துப் போகும் என்பதுதான் அவர்கள் கவலை. தமிழில் நாம் அதை 'இயற்கைத் தேர்வு' என்கிறோம். அதே நிழல் இங்கேயும் கொஞ்சம் விழுகிறது.

கணினியிலும் இந்த வேறுபாடு அப்படியே வாழ்கிறது. தரவுத்தளத்தில் தேடும் எஸ்.க்யூ.எல். மொழியின் கட்டளை 'செலக்ட்'. அதன் பின்னால், ஆங்கிலத்தில் 'எங்கே' என்று பொருள்படும் 'வேர்' சொல்லைப் போட்டு நிபந்தனை வைத்தால் பொருந்தும் வரிசைகள் மட்டும் வரும். இணையப் படிவங்களில் 'பொருந்துவன எல்லாவற்றையும் குறிக்கவும்' என்பதற்குப் பெரும்பாலும் 'செலக்ட் ஆல் தட் அப்ளை' என்று போடுகிறார்கள். ஆனால் க்ரோம் உலாவியில் கோப்பைப் பதிவேற்றும் பொத்தானில் இருப்பது 'சூஸ் ஃபைல்': எந்தக் கோப்பு என்பது உங்கள் இஷ்டம். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் மென்பொருள் கையேடு எழுதுபவர்கள் இதை இன்னும் நுணுக்கமாகக் கவனிக்க வேண்டியிருக்கும். ஆப்பிள் நிறுவனத்தின் நடைக் கையேட்டின்படி, மெனுவில் உள்ள கட்டளைக்கு 'சூஸ்', திரையில் உள்ள எழுத்தையோ படத்தையோ ஒளிரச் செய்வதற்கு 'செலக்ட்'. மைக்ரோசாஃப்ட் பெரும்பாலான இடங்களில் 'செலக்ட்' என்றே எழுதச் சொல்கிறது. எந்த நிறுவனத்துக்கு எழுதுகிறோம் என்று பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கையேடு முழுக்க மாற்றாமல் இருப்பதே வழி. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலந்தால் படிப்பவர் இரண்டும் வெவ்வேறு செயலோ என்று தடுமாறுவார்.

நம் ஊரில் செலக்ட் அளவுக்கு மீறி உழைக்கிறது. "செலக்ட் ஆயிட்டான்" என்பது தமிழாகவே ஆகிவிட்டது. அதை ஆங்கிலமாக்கும்போது முன்னிடைச்சொல்தான் காலை வாரும். 'செலக்டட் இன் அ கம்பெனி' தவறு. வேலைக்கு என்றால் 'செலக்டட் ஃபார் த ஜாப்', நிறுவனத்தால் என்றால் 'செலக்டட் பை த கம்பெனி', அணிக்கு என்றால் 'செலக்டட் ஃபார் த டீம்'. கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு 'அட்மிட்டட் டு' அல்லது சாதாரணமாக 'காட் அ சீட் இன்'. புடவைக் கடையில் "உங்க செலக்‌ஷன் சூப்பர் மேடம்" என்பதைக் கேட்டுப் பழகியவர்கள் வெளியூர் விருந்தினரிடம் 'நைஸ் செலக்‌ஷன்' என்றால், கடையில் சரக்கு வகைவகையாக இருப்பதைப் புகழ்வதாக அவர் நினைக்கலாம். கடையில் இருக்கும் வகைகளுக்கு 'செலக்‌ஷன்', வாடிக்கையாளர் எடுத்ததற்கு 'சாய்ஸ்'. 'குட் சாய்ஸ்' என்றால் பாராட்டு சரியான ஆளுக்குப் போய்ச் சேரும்.

வேலைக்கான கடிதங்களில் ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் பணமும் போகும், கையில் இருக்கும் வேலையும் போகும். 'ஷார்ட்லிஸ்டட்' என்றால் கூட்டம் குறைக்கப்பட்டது, நீங்கள் மிச்சமிருப்பவர்களில் ஒருவர். அவ்வளவுதான். 'ப்ரொவிஷனலி செலக்டட்' என்றால் உங்களை எடுத்தாயிற்று, ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பு போன்ற ஏதோ ஒரு நிபந்தனை பாக்கி. அதில் குறை வந்தால் ரத்தாகும். அரசுத் தேர்வாணையப் பட்டியல்களில் இந்தச் சொல்லை அடிக்கடி பார்க்கலாம். 'அப்பாயின்டட்' என்று அதிகாரமுள்ளவர் கையெழுத்திட்ட ஆணை வந்த பிறகுதான் பழைய வேலையை விடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எலெக்ட்: வாக்கும் உரிமையும்

அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலம் இந்தச் சொற்களுக்கு ஒரு நல்ல பயிற்சிப் புத்தகம். அதை எழுதியவர்கள் ஒரு வினையைக்கூடக் கைக்கு வந்தபடி போடவில்லை. குடியரசுத் தலைவர் 'எலெக்டட்', பிரிவு 54. ஆளுநர் 'அப்பாயின்டட்', பிரிவு 155. மாநிலங்களவையில் 12 பேர் 'நாமினேட்டட்', பிரிவு 80. முதலமைச்சரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பேச்சில் சொல்கிறோம். பிரிவு 164 அவரை ஆளுநர் 'அப்பாயின்ட்' செய்வதாகத்தான் சொல்கிறது. மக்கள் எலெக்ட் செய்வது 234 உறுப்பினர்களை. இன்னும் நுட்பமான இடம் பிரிவு 170: சட்டமன்ற உறுப்பினர்கள் 'நேரடித் தேர்தலின் மூலம் சோஸன்' என்கிறது அது. பிரிவு 178-இல் பேரவைத் தலைவரையும் துணைத் தலைவரையும் பேரவை 'சூஸ்' செய்யும் என்று இருக்கிறது. ஆக, சூஸ் என்பது பெரிய குடை. முடிவு யாருடையது என்பதை மட்டும் சொல்கிறது. எலெக்ட் அதன் கீழ் வரும் ஒரு முறை.

இந்தக் கணக்கில் பார்த்தால், சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டை ஆங்கிலத்தில் விளக்கும் பலர் வினைச்சொல்லைச் சரியாகப் பிடிப்பதில்லை என்றே சொல்ல வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டு, ஊரை 30 குடும்புகளாக, அதாவது சிறு பகுதிகளாகப் பிரித்து, வாரியங்கள் என்ற ஊர்க் குழுக்களுக்கு உறுப்பினரை எடுக்கும் முறையைச் சொல்கிறது. முதலில் தகுதி: வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி, 35-க்கு மேல் 70-க்குள் வயது. பிறகு தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்க வைத்தார்கள். வாக்கு எண்ணிக்கை எங்கேயும் இல்லை. இதை 'எலெக்டட்' என்று மட்டும் எழுதினால் ஊரார் ஓட்டுப்போட்டதாகப் படிப்பவர் நினைப்பார். முதல் கட்டம் அளவுகோல் வைத்துப் பிரித்தது, அது 'செலக்ட்' அல்லது 'ஸ்க்ரீன்'. இரண்டாம் கட்டம் குலுக்கல், அது 'சோஸன் பை லாட்', அல்லது பெயர் 'ட்ரான்'. இரண்டையும் பிரித்துச் சொன்னால்தான் அந்த முறையின் அழகு தெரியும். தகுதியில்லாதவர் உள்ளே வர முடியாது. உள்ளே வந்தவர்களில் எவரையும் எவரும் விலைக்கு வாங்கவும் முடியாது. பெருமை பேசும் அவசரத்தில் அதைச் சாதாரணத் தேர்தலாக்கிவிடுவது அந்த ஊர்க்காரர்களின் மதியைக் குறைத்துச் சொல்வதாகும்.

நாமினேட் பற்றி இன்னும் ஒன்று. அதற்கு இரண்டு எதிரெதிர் வாழ்க்கை உண்டு. 2022-இல் இளையராஜா மாநிலங்களவைக்கு 'நாமினேட்டட் டு' ஆனார். அந்தச் சொல்லோடு அவருக்கு இடம் உறுதி. 2011-இல் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் விருதுகளுக்கு 'நாமினேட்டட் ஃபார்' ஆனார். அந்த ஆண்டு விருது வரவில்லை. 'டு' என்றால் நியமித்தாயிற்று, 'ஃபார்' என்றால் பெயர் முன்மொழியப்பட்டது மட்டுமே. சட்டமன்றத்துக்கு எலெக்ட் ஆவதற்கும் 'டு'தான்: 'எலெக்டட் டு த அசெம்ப்ளி'. பதவிப்பெயர் வந்தால் முன்னிடைச்சொல்லே வேண்டாம்: 'தே எலெக்டட் ஹர் ப்ரெசிடென்ட்'. 'ஆஸ்' போட்டாலும் தவறில்லை.

வாக்கு இல்லாமலும் எலெக்ட் வரும். சேப்பாக்கத்தில் டாஸ் வென்ற தலைவர் 'எலெக்டட் டு பேட்' என்று செய்தியில் படிக்கிறோம். யாரும் ஓட்டுப்போடவில்லை. நாணயம் அவருக்கு ஓர் உரிமையைத் தந்தது, அந்த உரிமையை இப்படிப் பயன்படுத்தினார் என்பதே பொருள். 'சோஸ் டு பேட்', 'ஆப்டட் டு பேட்', 'டிசைடட் டு பேட்' எல்லாம் அந்த இடத்தில் பொருந்தும். 'செலக்டட் டு பேட்' மட்டும் பொருந்தாது.

மருத்துவமனைக் காகிதத்தில் வரும் 'எலெக்டிவ் சர்ஜரி' என்ற தொடரைக் கவனமாகப் படியுங்கள். கல்லூரியில் 'எலெக்டிவ்' என்றால் விருப்பப்பாடம், எடுக்காமலும் விடலாம். அந்த நினைப்பில், மருத்துவர் எழுதிய எலெக்டிவ் அறுவையைத் 'தேவையில்லாதது, விட்டுவிடலாம்' என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. மருத்துவத்தில் அதன் பொருள், உடனே செய்ய வேண்டிய அவசர அறுவை அல்ல, நாள் குறித்துச் செய்யலாம் என்பது மட்டுமே. கண்புரை, மூட்டு மாற்று போன்றவை இந்த வகை. புற்றுநோய்க்கான அறுவையைக்கூட நாள் குறித்துச் செய்தால் இந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதுண்டு. எவ்வளவு நாள் தள்ளலாம் என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். அந்தச் சொல் அதைச் சொல்லாது.

ஆப்ட் தனியாக நிற்காது

'ஐ ஆப்டட் காமர்ஸ்'. பிளஸ் ஒன் சேர்க்கை நாட்களில் சென்னை முழுக்கக் கேட்கும் வாக்கியம், ஆனால் சரியான ஆங்கிலம் அல்ல. ஆப்ட் நேரடியாகப் பொருளை ஏற்காது. 'ஆப்டட் ஃபார் காமர்ஸ்'. செயல் என்றால் 'ஆப்டட் டு லீவ்'. லத்தீனில் 'விரும்பு' என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒன்றை நோக்கி விரும்புவது என்பதால் இடையில் ஒரு 'ஃபார்' தேவைப்படுகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சூஸிலிருந்து இது வேறுபடுவது, வழிகள் முன்னமே யாரோ போட்டுவைத்தவை என்பதில். வருமான வரியைப் பாருங்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறைதான் இயல்புநிலை. எதுவும் சொல்லாதவர் அதில் இருப்பதாகக் கொள்ளப்படும். பழைய முறையில் கழிவுகள் வேண்டும் என்பவர் புதியதிலிருந்து 'ஆப்ட் அவுட்' ஆக வேண்டும். 'ஆப்ட் அவுட்' என்ற சொல் எங்கே இருந்தாலும், நீங்கள் கேட்காமலேயே ஏற்கெனவே உள்ளே வைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள். 'ஆப்ட் இன்' என்றால் நீங்கள் சொல்லாதவரை வெளியே. செயலிகளின் அனுமதிப் பக்கங்களில் இந்த ஒரு சொல்லை மட்டும் தேடிப் பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

கையால் எடுக்கும் பிக்

பிக் என்ற சொல்லில் கூர்மையான ஒன்றால் குத்துவது, கொத்துவது, கிள்ளுவது என்ற பழைய பொருள் இன்னும் ஒட்டியிருக்கிறது. 'பிக்பாக்கெட்' என்று நாம் தமிழில் சொல்வதில் உள்ள விரல் வேலை அதுதான். தேர்ந்தெடுப்பதற்கு வரும்போதும் அந்த விரல் கூடவே வருகிறது: சட்டென்று, கையருகில், பெரிய யோசனை இல்லாமல். 'பிக் அ நம்பர்' என்றால் ஏதாவது ஒரு எண். தெருக் கிரிக்கெட்டில் ஆள் பிரிப்பது பிக். நண்பரிடம் 'பிக் அ கலர்' என்று சொல்லலாம். 'செலக்ட் அ கலர்' என்றால் பணம் எடுக்கும் இயந்திரம் பேசுவதுபோல் இருக்கும். அதனாலேயே நியமன ஆணையிலோ தீர்ப்பிலோ இந்தச் சொல்லைப் போடுவதில்லை. ஆனால் 'ஹேண்ட்பிக்ட்' என்றால் நேர்மாறாக, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துச் சேர்த்தது என்ற உயர்ந்த பொருள். விரல் அங்கே அக்கறையாகிவிடுகிறது.

கோயம்பேடு சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்ததை 'ஐ வாஸ் பிக்கிங் டொமேட்டோஸ்' என்று சொன்னால், கேட்கும் ஆங்கிலேயர் உங்களைத் தோட்டத்தில் செடியருகே நிற்க வைத்துப் பார்ப்பார். காய், பூ, பழம் பக்கத்தில் வந்தால் பிக் என்பதற்குப் பறிப்பதே முதல் பொருள். குவியலிலிருந்து நல்லதாகப் பார்த்து எடுப்பது 'பிக்கிங் அவுட்'. அந்த 'அவுட்' பலவற்றுக்குள் ஒன்றை அடையாளம் காண்பதற்கும் பயன்படும்: கூட்டத்தில் முகத்தைக் கண்டுகொள்வது 'பிக் அவுட்'. கிரிக்கெட் வர்ணனையில் அஸ்வினின் கேரம் பந்தை மட்டையாளர் 'பிக்' பண்ணவில்லை என்றால், பந்து கையிலிருந்து கிளம்பும்போதே எந்த வகை என்று கண்டுபிடிக்கவில்லை என்பது பொருள். அங்கே 'அவுட்' இல்லாமலேயே அந்த வேலை நடக்கிறது.

அதிகத் தவறு நடப்பது 'அப்' என்ற சிறு சொல்லில். அதுவும் இரண்டு பக்கமும் நடக்கிறது. தேவையான இடத்தில் விட்டுவிடுகிறோம்: 'பிக் த ஃபோன்', 'பிக் மீ அட் சென்ட்ரல்'. முதலாவது, பல தொலைபேசிகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றாகும். இரண்டாவது, சென்ட்ரலில் வைத்து என்னைத் தேர்ந்தெடு என்றாகும். எடுப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் 'பிக் அப்'. தேவையில்லாத இடத்தில் சேர்த்தும் விடுகிறோம்: 'பிக் அப் த கரெக்ட் ஆன்சர்' என்று வினாத்தாள்களில்கூட வருகிறது, விடை கீழே விழுந்து கிடக்கவில்லை, 'பிக்' போதும். 'பிக் ஆன்' என்று வந்தால் ஒருவரைக் குறிவைத்துச் சீண்டுவது. பள்ளியிலிருந்து வரும் ஆங்கில மின்னஞ்சலில் உங்கள் பிள்ளையை யாரோ 'பிக்கிங் ஆன்' என்று இருந்தால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 'பிக் அண்ட் சூஸ்' என்பதில் இரண்டு வினையும் சேர்ந்து நல்ல பொருள் தருவதில்லை. எல்லோருக்கும் பொதுவான விதியில் தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்வது அது. 'செர்ரி பிக்கிங்' அதைவிடக் கடுமை: தன் வாதத்துக்குச் சாதகமான தரவை மட்டும் காட்டி மற்றதை மறைப்பது.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

ப்ரிஃபர் தேர்வே அல்ல, அதற்கு முந்தைய மனநிலை. ஃபில்டர் காபியை ப்ரிஃபர் செய்பவர் அன்றைக்கு டீயை சூஸ் செய்யலாம், முரண்பாடு இல்லை. ஒப்பிடும்போது, 'விட' என்று பொருள்படும் ஆங்கிலத் 'தேன்' வராது, 'டு' வரும்: 'ப்ரிஃபர் காஃபி டு டீ'. 'மோர் ப்ரிஃபர்' என்றும் வேண்டாம், அந்த 'மோர்' சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வேலை விளம்பரத்தில் 'ப்ரிஃபர்ட்' என்று போட்ட தகுதி இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம்; 'ரிக்வயர்ட்' என்றால் இருந்தே ஆக வேண்டும்.

டிசைட் பொருளை நேராகத் தொடாது. 'ஐ டிசைடட் த ப்ளூ ஒன்' என்பதில் ஒரு 'ஆன்' குறைகிறது. 'செட்டில் ஆன்' என்றால் அலைந்து யோசித்து ஒன்றில் நிலைத்தது. 'செட்டில் ஃபார்' என்றால் ஆசைப்பட்டது கிடைக்காமல் இதற்கு ஒப்புக்கொண்டது. நிச்சயதார்த்தச் செய்தியைத் தெரிவிக்கும் ஆங்கிலக் குறுஞ்செய்தியில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பெண் வீட்டார் முகம் வாடும். 'சிங்கிள் அவுட்' என்றால் கூட்டத்தில் ஒருவரை மட்டும் தனியே சுட்டுவது. 'ஃபார் ப்ரெய்ஸ்' என்று பின்னால் வந்தால் பாராட்டு. எதுவும் சொல்லாமல் 'சிங்கிள்ட் அவுட்' என்று மட்டும் நின்றால் பெரும்பாலும் அநியாயமாகக் குறிவைத்தார்கள் என்ற தொனி வரும். மேலாளருக்கு அனுப்பும் கடிதத்தில், குறை சொல்லும் எண்ணம் இல்லையென்றால், அந்த இடத்தில் 'சோஸன்' என்று போடுவது பாதுகாப்பு.